மெய்நிகர் டேப்பும் பரமக்குடி மாற்றலும்

டேப் டிரைவ்கள் ஓய்வு பெற்ற செய்தியைப் பெரியவரிடம் யாரும் சொல்லக் கூடாது என்று சேமநிதிக் கழகத்தில் முடிவாயிற்று. பெரியவர் என்பது கழகத்தின் மெயின்ஃப்ரேம் கணினி. சென்னை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் தனி அறையில், தனிக் குளிரில் இருப்பவர். மாதம் பிறந்தால் ஓய்வூதியக்காரர்களுக்கெல்லாம் பணம் அனுப்புவது அவர்தான். ஒருமுறை அவரைக் கேட்காமல் அறையின் தரையோட்டை மாற்றிவிட்டார்கள் என்று ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. அன்றிலிருந்து அவர் முன்னால் எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.

டிரைவ்களும் பாவம், என்ன செய்யும்? வயதாகிவிட்டது. தகவல் பதிந்த டேப்பை மாட்டினால் இருமும், பாதியில் நின்று மூச்சு வாங்கும். உதிரி பாகம் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. அவற்றுக்குப் பதிலாக மெய்நிகர் டேப் வருகிறது என்று மேலாளர் நளினகுமாரி அறிவித்தார். தகவலெல்லாம் ஒரு சின்ன வட்டுப் பெட்டிக்குள் போய்விடும். டேப்பும் கிடையாது, டிரைவும் கிடையாது. ஆனால் இரண்டும் இருப்பதாகவே பெரியவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

இதில் கவலை சபாரத்தினத்துக்குத்தான். அலமாரியிலிருந்து டேப்பை எடுத்துப் போய் டிரைவில் மாட்டுவது இத்தனை வருஷமாக அவருடைய வேலை. டேப் இல்லாத அலுவலகத்தில் டேப் ஆபரேட்டர் எதற்கு? அவரைப் பரமக்குடி கிளைக்கு மாற்ற ஏற்பாடாகிக்கொண்டிருந்தது. பரமக்குடி நல்ல ஊர்தான். ஆனால் அவர் மனைவி கோமளவல்லி கல்யாணமான நாள் முதல் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் ஆசிரியையாக இருந்தாள். வெள்ளிக்கிழமை பஸ் ஏறிச் சென்னைக்கு வருவாள், ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போவாள். வருஷா வருஷம் கலந்தாய்வில் போய் நின்று, இந்த ஜூனில்தான் அயனாவரத்துக்கு மாற்றல் வாங்கி வந்திருந்தாள். செவ்வாய்க்கிழமையன்று மனைவியோடு உட்கார்ந்து காபி குடிப்பது எப்படியிருக்கும் என்று சபாரத்தினத்துக்கு இப்போதுதான் தெரிந்திருந்தது. அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமே வரவில்லை.

"நான் கிளம்பி வந்த ஊருக்கே நீங்க போறீங்களா?" என்றாள் கோமளவல்லி. "முன்னாடியே சொல்லியிருந்தா குக்கரை அங்கயே விட்டுட்டு வந்திருப்பேன்."

டிரைவ்களுக்குப் பிரிவுபசார விழா மாடிப்படிக்குக் கீழே, பெரியவர் காதில் விழாத இடத்தில் நடந்தது. மாலை போட்டு, சால்வை போர்த்தி, நாலு நல்ல வார்த்தை பேசினார்கள். எல்லோருக்கும் பாதுஷாவும் மிக்சரும் கொடுத்தார்கள். டிரைவ்களின் பங்கை அவற்றின் தலைமேல் வைத்தார்கள். பிறகு வழக்கப்படி ஊழியர்கள் வேனில் கூடவே போய், அவற்றை வீடு சேர்த்து, அங்கே கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

மறுநாள் மெய்நிகர் டேப்புகளை ஜெரோம் என்ற இன்ஜினியர் ஆட்டோவில் கொண்டுவந்தார். மரியாதையான பிள்ளை. அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, சபாரத்தினம் வாங்கி அலமாரியில் அடுக்கினார். அடுக்கி முடித்தபோது அலமாரி காலியாக இருந்தது.

"கனமில்லைன்னு அலட்சியமா வெச்சுடாதீங்க சார்," என்றார் ஜெரோம். "ஒண்ணோட ஒண்ணு இடிச்சா போச்சு."

பெரியவர் முதல் டேப்பைக் கேட்டார். கேட்ட கணத்திலேயே கிடைத்தது. பெரியவர் நின்றுவிட்டார். திரையில் ஒரே ஒரு வரி வந்தது: யார் கொண்டுவந்தது?

நளினகுமாரி ஜெரோமைப் பார்த்தார். ஜெரோம் கையைப் பிசைந்தார்.

"டேப்பை மெய்நிகரா ஆக்கிட்டோம் மேடம். டிரைவையும் ஆக்கிட்டோம். கொண்டுவர்றவருக்கு நீங்க ஆர்டர் கொடுக்கலையே."

விஷயம் இதுதான். பெரியவர் டேப் கேட்டால் சபாரத்தினம் எழுந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அலமாரி வரை நடந்து, வழியில் யாராவது எதையாவது கேட்டால் பதில் சொல்லி, டேப்பைச் சட்டையில் ஒரு துடை துடைத்துக் கொண்டுவந்து மாட்டுவார். பெரியவருக்கு அந்த நேரம் பழகிப்போயிருந்தது. கேட்டவுடன் கொடுப்பதை அவர் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டார்.

"சபாரத்தினம் சார், நீங்களே போய் எடுத்துட்டு வாங்க," என்றார் நளினகுமாரி.

சபாரத்தினம் கண்ணாடியைத் துடைத்தார். காலி அலமாரிக்கு நடந்தார். இரண்டு கையாலும் டேப்பை எடுத்து, சட்டையில் துடைத்து, டிரைவ் இருந்த இடத்தில் மாட்டினார். பெரியவர் ஓடத் தொடங்கினார். ஓய்வூதியம் போய்ச் சேர்ந்தது. பரமக்குடிப் பேச்சு அத்துடன் நின்றது. சபாரத்தினம் அன்று மாலை ஜாதிமல்லி வாங்கிக்கொண்டு ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி, சந்தோஷமாக நடந்து வீட்டுக்குப் போனார்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கோமளவல்லியின் பள்ளிக்கூட ஆசிரியர் தின விழாவன்று அவர் சீக்கிரம் கிளம்ப நினைத்து, டேப்பை ஒரு கையால் தூக்கி வந்தார். அது நழுவி விழுந்துவிட்டது. அலுவலகமே மண்டிபோட்டுத் தேடியது. அதற்குள் துப்புரவுப் பணியாளர் தேசம்மா அந்தப் பக்கம் பெருக்கியிருந்தார்.

"கீழ ஒண்ணுமே இல்லன்னுதான் சார் பெருக்கினேன்," என்றார் தேசம்மா.

"அதுதாம்மா டேப்," என்றார் சபாரத்தினம்.

குப்பைக் கூடையைக் கவிழ்த்தார்கள். அடியில் கிடந்தது. துடைத்துப் பார்த்ததில் பெரிய சேதமில்லை. ஆனால் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மட்டும் அந்த மாதம் ஓய்வூதியம் தாமதமாகப் போயிற்று. டேப்பைக் கீழே போடுவது யாருக்கும் நடக்கக்கூடியதுதான், ஒருவரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தலைமை அலுவலகம்தான் மெய்நிகர் ஆபரேட்டர் ஒருவருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டது.

ஜெரோம் மறுபடி வந்தார். சபாரத்தினத்தின் நடையை, செருமலை, கண்ணாடி துடைப்பதை, வழியில் பேச்சுக் கொடுப்பதை எல்லாம் அளந்துகொண்டு போனார். அடுத்த வாரம் மெய்நிகர் சபாரத்தினம் வேலையில் சேர்ந்தார். நிதானமாக நடந்தார். இரண்டு கையாலும் பிடித்தார். பெரியவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சபாரத்தினம் வீட்டில் சொல்லாமல் பழைய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினார். கண் கலங்கியதற்குத் தூசியைக் காரணம் சொன்னார்.

நளினகுமாரி இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டு, எதிரே இருந்த இரண்டு நாற்காலியிலும் உட்காரச் சொன்னார். சபாரத்தினம் ஒன்றில் உட்கார்ந்தார்.

"இருக்கிறது ஒரு போஸ்ட். ஆள் ரெண்டு பேர். ஒருத்தர் பரமக்குடி போயாகணும்," என்றார் நளினகுமாரி. "ரூல்படி ஜூனியர்தான் போகணும்." காலி நாற்காலியின் பக்கம் திரும்பினார். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகுது."

சபாரத்தினத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்த மனுஷனை நினைத்தால் சங்கடமாகவும் இருந்தது. தூசி தட்டிய பெட்டியை அவருக்கே கொடுத்தனுப்பினார்.

அடுத்த புதன்கிழமை வீட்டில் போன் அடித்தது. கோமளவல்லி எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பி வர வெகு நேரமாயிற்று.

"யாரு?"

"பரமக்குடியிலேருந்து அவரு."

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டியான்னு கேட்டாரு. முன்னெல்லாம் நீங்க தினமும் போன்ல கேப்பீங்கல்ல, அதே மாதிரி." போனைச் சார்ஜில் போட்டாள். "மெஸ் சாப்பாடு ஒத்துக்கலையாம். எனக்குத் தெரியாதா அந்த ஊர் மெஸ்ஸு."

ஜூனிலிருந்து தான் அதைக் கேட்கவேயில்லை என்பது சபாரத்தினத்துக்கு உறைத்தது. எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளிடம் என்னவென்று கேட்பது என்று இருந்துவிட்டார்.

"நீ சாப்பிட்டியா?" என்றார்.

"இப்பத்தான ரெண்டு பேரும் சாப்பிட்டோம்," என்றாள் கோமளவல்லி.

வெள்ளிக்கிழமை மாலை கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் சபாரத்தினம் அவளைப் பஸ் ஏற்றிவிட்டார். இட்லிப் பொடியும் ஊறுகாயும் அவள் பையில் இருந்தன. குக்கரை அவர் இரண்டு கையாலும் தூக்கி வந்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை வந்துருவேன். தோசை மாவு இருக்கு," என்றாள் ஜன்னல் வழியாக. "தீபாவளிக்கு லீவு கிடைச்சா அவரையும் கூட்டிட்டு வர்றேன்."

"கூட்டிட்டு வா," என்றார் சபாரத்தினம்.

பஸ் போன பிறகு, திரும்பும் வழியில் ஒரு ஜவுளிக்கடையில் ஏறித் தீபாவளிக்குத் தனக்கு ஒரு சட்டை எடுத்தார். அப்படியே பரமக்குடிக்காரருக்கும் ஒன்று கேட்டார்.

"அளவு?" என்றார் கடைக்காரர்.

"என் அளவுதான். அங்க வெயில் ஜாஸ்தி, காட்டனா குடுங்க."

கடைக்காரர் பின்னாலிருந்த காலி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து, உதறி விரித்துக் காட்டினார். சபாரத்தினம் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இதிலேயே நீலம் இருக்கிறதா என்று கேட்டார்.