இது பிடித்தவர்களுக்கு

கோயென்ஜி ரயில் நிலையத்துக்குத் தெற்கே, கூரை போட்ட கடைத்தெருவில், மருந்துக் கடையின் மாடியில் இருந்த அந்தப் புத்தகக் கடையில் மங்கா படக்கதைகளைத் தவிர வேறொன்றும் கிடையாது. குராமொச்சிக்கு அங்கே பதினான்கு வருட உத்தியோகம். வயது முப்பத்தொன்பது, தலைமுடி அவனிடமிருந்து மரியாதையாக விடைபெற்றுக்கொண்டிருந்தது. அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தை. யாராவது ஒரு புத்தகத்தை நீட்டி “இது போல இன்னொன்று” என்று கேட்டால், இது ஏன் பிடித்தது என்று திருப்பிக் கேட்பான். பதில் வந்ததும் அலமாரிகளுக்குள் புகுந்து அடுத்ததோடு வெளியே வருவான். ரோபோ சண்டை அனிமே கார்ட்டூன் பார்த்துவிட்டு வந்த கல்லூரிப் பெண்ணுக்கு, ரோபோ வாசனையே இல்லாத தீயணைப்புப் படைக் கதை ஒன்றைக் கொடுத்தனுப்பினான். அவளுக்குப் பிடித்திருந்தது ரோபோ அல்ல, அண்ணன் எதிரே வாய் திறக்காத தம்பி. மறுவாரமே மிச்சப் பாகங்களையும் அள்ளிக்கொண்டு போனாள். பரிந்துரையை மஞ்சள் அட்டையில் கையால் எழுதிப் புத்தகத்துக்குள் செருகிக் கொடுப்பது அவன் வழக்கம்.

“மனுஷங்களுக்கும் இப்படிப் பொருத்தம் பாக்கத் தெரிஞ்சிருந்தா, வாத்தியாரே, நீங்க ஏன் தனியா நூடுல்ஸ் அவிச்சுத் திங்கறீங்க?” என்பாள் கல்லாவில் உட்காரும் ஒபாதா.

“அதுக்கும் அட்டை எழுதிப் பாத்தேன். மூணு பேருக்கு. மூணு பேரும் படிச்சிட்டு வேற ஆளைக் கட்டிக்கிட்டாங்க.”

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு, ஒரு பெண்மணி மாடிப்படி ஏறி வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கோட்டுக்குள் பல் மருத்துவமனைச் சீருடை தெரிந்தது. பையிலிருந்து ஐந்து புத்தகங்களை எடுத்து வரிசையாக வைத்தாள். ஐந்திலும் மஞ்சள் அட்டை எட்டிப் பார்த்தது.

“இந்தக் கையெழுத்து உங்களுதா?”

குராமொச்சி பெருமையாகத் தலையாட்டினான். அந்தப் பெருமைக்காகப் பின்னால் வெகுநாள் வெட்கப்பட்டான்.

“நான் இகேகயா. இதையெல்லாம் வாங்கினது என் வீட்டுக்காரர். பதினோரு நாளா அவரைக் காணோம்.”

நோயாளிகளின் பெயர்ப் பட்டியலை வாசிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள். செருப்பு அலமாரிக்குள் அவருடைய கைபேசி. சோறு வடிக்கும் மின்பானை மேல் ஒரு துண்டுச் சீட்டு: தேட வேண்டாம், மன்னித்துவிடு. அவர் கையெழுத்துதான். போலீசில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். வயது வந்தவர், தானாகப் போயிருக்கிறார், பொறுத்திருங்கள் என்றார்கள்.

“இதுக்கு அடுத்து இதுன்னு ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தது நீங்க. அப்ப இதுக்கெல்லாம் அடுத்து அவர் எங்க போவார்னு உங்களுக்குத்தான் தெரியணும்.”

குராமொச்சிக்கு ஆள் நினைவுக்கு வந்தார். நெட்டையானவர், வட்ட அலுவலகத்தில் குடிநீர்ப் பிரிவு, கேட்டதற்கு ஒரே வாக்கியத்தில் பதில். முதல் புத்தகம் ஒரு கப்பல் சமையல்காரன் கதை. ஏன் பிடித்தது என்று கேட்டபோது, “யார்கிட்டயும் சொல்லாமக் கிளம்பறான்ல, அது,” என்றார். பெயரை மாற்றிக்கொண்டு வாழ்பவன் கதையைக் கொடுத்தான். “அவனை யாரும் தேடி வரல, அது பிடிச்சுது,” என்று திரும்பி வந்தார். காரம் நன்றாக இருக்கிறதென்று விருந்தாளி சொல்லிவிட்டால் சமையல்காரனுக்குக் கை நிற்காது. குராமொச்சியும் ஒவ்வொரு தட்டிலும் ஒரு கரண்டி கூட்டிக்கொண்டே போனான். ஐந்தாவது கதையில் நாயகன் வடக்கே போய்ப் பனிக்குள் நடக்கிறான். கடைசி நான்கு பக்கங்களில் படமே இல்லை, வெறும் வெள்ளை.

அந்தப் புத்தகத்திலிருந்த மஞ்சள் அட்டையை அவள் உருவி அவன் பக்கம் திருப்பினாள். இந்த ஐந்தில் முழுமையான முடிவு இதுதான், தைரியமாகப் படியுங்கள் என்று எழுதியிருந்தான். பக்கத்தில் ஒரு சிரித்த முகம் வேறு வரைந்திருந்தான்.

“முழுமைன்னா என்ன?” என்றாள்.

அவன் அட்டையைக் குப்புறத் திருப்பி வைத்தான். ஒபாதா நிமிர்ந்து பார்த்தாள்; அன்றைக்கு மட்டும் கிண்டல் எதுவும் வரவில்லை.

“ஆறாவதா என்ன குடுத்தீங்க?”

“ஒண்ணும் குடுக்கல.” குராமொச்சி மேசையைப் பார்த்துச் சொன்னான். “போன மாசக் கடைசியில வந்தார். புதுப் பாகம் வெளியான நாள், படிக்கட்டு வரைக்கும் வரிசை. ‘இதே மாதிரிதான், ஆனா அந்த போன்ல’ன்னு ஆரம்பிச்சார். நான் முழுசாக் கேக்கல. ‘இந்த வழியில இதுக்கு மேல ஒண்ணுமில்ல, இதோட முடிஞ்சுது’ன்னு சிரிச்சேன். குனிஞ்சு வணக்கம் சொல்லிட்டுப் போயிட்டார்.”

“எந்த போன்ல?”

அவன் முதல் புத்தகத்தை எடுத்து, முதுகு மேசையில் படும்படி நிறுத்தி, கையை விட்டான். அடிக்கடி பிரித்த புத்தகம் பிரித்த இடத்தில்தான் திறக்கும். பதினான்கு வருடத்தில் அவன் கற்ற இன்னொரு விஷயம் அது. துறைமுகத்துத் தொலைபேசிக் கூண்டில் சமையல்காரன் ரிசீவரைக் காதில் வைத்து நின்றான். மறுமுனையில் அம்மா, யாரு, யாரு பேசறது என்கிறாள். அவன் வைத்துவிடுகிறான். இரண்டாவது புத்தகத்தை விட்டான். ரயில் நிலையம், தொலைபேசி. மூன்றாவதை மெதுவாக விட்டான். ஐந்துமே அந்தப் பக்கத்தில்தான் திறந்தன.

“கிளம்பிப் போறதுதான் இதுக்கெல்லாம் ஒத்துமைன்னு நினைச்சேன். இல்ல. அஞ்சுலயும் ஒருத்தன் வீட்டுக்கு போன் பண்றான். அஞ்சுலயும் யாருன்னு கேக்கறாங்க. வச்சிடறான்.”

அவள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“வீட்டுக்கு வந்துது,” என்றாள். “வியாழக்கிழமை, அப்புறம் சனிக்கிழமை. சாயங்காலம் தெருவுல போடற அஞ்சு மணிப் பாட்டு முடிஞ்ச பிறகு. பொதுத் தொலைபேசின்னு திரையில காட்டிச்சு. எடுத்தா பேச்சே இல்ல. யாரு யாருன்னு கேட்டுட்டு வச்சிட்டேன். வீட்ல ஆள் இருக்கான்னு மோசடிக்காரங்க இப்படித்தான் நோட்டம் பாப்பாங்கன்னு போலீஸ் நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க இல்லையா? ஞாயித்துக்கிழமை ஒயரைப் பிடுங்கிட்டேன்.”

ஐந்தாவது கதையில் நாயகன் இன்னொரு முறையும் கூப்பிடுகிறான். யாரும் எடுப்பதில்லை. பனி அடுத்த பக்கத்தில்தான் தொடங்குகிறது. அதை அவளிடம் சொல்லாமல் விடலாமா என்று குராமொச்சி யோசித்தான். அவள் முகத்தைப் பார்த்தால், அந்தப் பக்கத்தை அவளும் படித்திருப்பது தெரிந்தது.

“கடையை நான் பாத்துக்கறேன்,” என்றாள் ஒபாதா. “கோட்டை மாட்டிக்கிட்டுப் போங்க, வாத்தியாரே.”

இகேகயாவின் வீடு அடுத்த நிலையமான அசகாயாவில். நான்கு மணிக்கு ஒயரைச் சொருகினாள். அவனுக்குத் தேநீர் வைத்தாள். இரண்டு பேரும் தொலைபேசியைப் பார்த்தபடி, சவப்பெட்டி வந்த வீட்டில் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து மணிக்கு, பிள்ளைகள் வீடு திரும்பச் சொல்லித் தெரு ஒலிபெருக்கியில் போடும் பாட்டு ஒலித்து ஓய்ந்தது. ஐந்தேகால். ஐந்து இருபது. ஜன்னல் கருத்தது. விளக்கைப் போட இருவருக்கும் தோன்றவில்லை. ஐந்து முப்பத்தைந்துக்கு அவன், “ஒருவேளை வேற…” என்று ஆரம்பித்தான்.

மணி அடித்தது. திரையில் பொதுத் தொலைபேசி என்று வந்தது.

அவள் அவனுக்கும் கேட்கும்படி ஒரு பொத்தானை அழுத்தினாள். எதிர்முனையில் காற்று, பெரிய காற்று, அதற்குள்ளே யாரோ மூச்சு விடும் சத்தம். அவள் உதடு பழக்கத்தில் ‘யா’ என்று குவிந்தது. குராமொச்சி கோழி விரட்டுகிறவன்போல இரண்டு கைகளையும் வீசினான். தேநீர்க் கோப்பை கவிழ்ந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். கவிழ்ந்த தேநீர் மேசை விளிம்புவரை ஓடுவதைப் பார்த்தாள்.

“குளியலறை விளக்கு எரியல,” என்றாள். “நீங்கதான் மாத்தறேன்னு சொன்னீங்க. பத்து நாளா இருட்டுலயே குளிக்கறேன்.”

காற்று. மூச்சுகூடக் கேட்கவில்லை.

“உயரம் எட்டல எனக்கு. உங்களுக்குத் தெரியும்ல.”

காசு தீரப்போவதைச் சொல்லும் எச்சரிக்கை ஒலி பீப்பென்று எழுந்தது. குராமொச்சிக்கு அடுத்த கட்டம் மனப்பாடம். ஐந்து புத்தகங்களிலும் அது ஒன்றேதான். ரிசீவரை வைக்கும் கை. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. தொலைபேசிப் பெட்டிக்குள் இன்னொரு பத்து யென் காசு விழும் சத்தம்.