வெட்டாத காசு

பொய் சொல்லக் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் வேண்டும். கம்பி கட்டுகிற பாலகுருவுக்கு அது கிடையாது. சீட்டாட்டத்தில்கூட அவன் கையில் என்ன இருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் இந்தப் பொய்க்கு எந்தக் கெட்டிக்காரத்தனமும் தேவைப்படவில்லை. "லீவு கேட்டேன், விடமாட்டேன்னுட்டாங்க" என்று தோஹா தொழில்பேட்டையில் ஒருவன் சொன்னால் எவன் சந்தேகப்படப் போகிறான்? அங்கே பத்தில் எட்டுப் பேருக்கு அது நடந்திருக்கிறது. மீதி இரண்டு பேர் வந்து ஆறு மாதம் ஆகாதவர்கள்.

அப்பா இறந்த செய்தி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தங்கை நாகவள்ளி கேம்ப் ஆபீஸ் நம்பருக்குப் போன் செய்திருந்தாள். ஆட்களின் வருகையைப் பதிவு செய்யும் முகம்மது சித்தீக்தான் எடுத்தார். கீழக்கரைக்காரர், ஐம்பது வயது, அதிகம் பேசமாட்டார். அவரே வண்டி பிடித்து சைட்டுக்கு வந்து, பாலகுருவைத் தனியாகக் கூப்பிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"மானேஜர் ரூம்லதான் இருக்காரு தம்பி. இப்பவே போய்க் கேளுங்க. சாயங்காலம் பிளைட் இருக்கு."

பாலகுரு போனான். அதையும் சொல்லிவிட வேண்டும். மானேஜர் அறைக் கதவு வரைக்கும் போனான், தட்டுவதற்குக் கையைக்கூடத் தூக்கினான். அப்போது பார்த்து எஞ்சினியர் ஸ்ரீனிவாசன் அந்தப் பக்கம் வந்தார். அவருக்கு விஷயம் தெரியாது. "என்னப்பா இங்க நிக்கிற? வியாழக்கிழமை போர்மேன் பேரைச் சொல்லப் போறோம். லிஸ்டுல உன் பேரும் இருக்கு. ரெண்டு நாள் கண்ணு முன்னாடியே இரு, எங்கயும் போயிடாத" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

தூக்கிய கை இறங்கிவிட்டது. ஏழு வருடம் வெயிலில் குனிந்து கம்பி கட்டியவன், ஒருநாளாவது நிமிர்ந்து நின்று வேலை வாங்க ஆசைப்பட்டது குற்றமில்லை. போனவர் இனி எழுந்து வரப்போவதில்லை, அப்பாவைக் கேட்டிருந்தால் அவரே இருந்துவிட்டு வா என்றுதான் சொல்லியிருப்பார் என்று செத்தவர் வாயில் தனக்கு வேண்டிய வார்த்தையைப் போட்டுக்கொண்டானே, அதுதான் குற்றம். திரும்பி வந்தான். எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொன்னான். விடமாட்டேன்னுட்டாங்க.

ஊரில் அப்படியும் நம்பிக்கையை விடவில்லை. விசா கொடுத்த அரபு முதலாளி, அந்த கபில், மனசு மாறினாலும் மாறுவான் என்று ஒரு ராத்திரி முழுக்க அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மறுநாள் சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான்.

வியாழக்கிழமை போர்மேன் பேர் வந்தது. வேறு கேம்ப்பிலிருந்து ஒரு பஞ்சாபியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு பாலகுருவைப் பார்த்தாலே ஸ்ரீனிவாசன் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

ஆக, அப்பாவும் போனார், ஆசைப்பட்டதும் போனது. ராத்திரி அழுகை வரும்போது எதற்காக வருகிறது என்று பாலகுருவுக்கே சந்தேகம். அப்பாவுக்காகவா, அந்தப் பஞ்சாபி போட்டிருக்கிற வெள்ளை ஹெல்மெட்டுக்காகவா? சந்தேகம் வந்ததும் அழுகை நின்றுவிடும். துக்கப்படுவதற்குக்கூட யோக்கியதை இல்லாமல் போய்விட்டதே என்று வெட்கமாக இருந்தது.

திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அறையில் இருந்த ஏழு பேரும் அவனைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. சமையல் முறையிலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். மொட்டை போடக் கூட்டிக்கொண்டு போனார்கள். அறைக்கே மூத்தவரான அழகுமலை, முதுகுளத்தூர்க்காரர், தன் கீழ்க் கட்டிலை அவனுக்குக் கொடுத்துவிட்டு முட்டிவலியோடு மேல் கட்டிலுக்கு ஏறிப் படுத்தார். அதோடு விட்டாரா? வெள்ளிக்கிழமை நேராகக் கேம்ப் ஆபீசுக்குப் போய், கையில் அகப்பட்ட சித்தீக்கைப் பிடித்துக்கொண்டார்.

"பெத்த தகப்பன் செத்ததுக்கு லீவு இல்லையா? நீயெல்லாம் தமிழன்தானா? ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லக்கூடாது? உனக்கெல்லாம் தாய் தகப்பன் இல்ல?"

ஐந்து நேரமும் தொழுகிற மனிதரை நிற்க வைத்து, நாலு பேர் பார்க்க அவர் கேட்ட கேள்விகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை எழுத முடியாது. சித்தீக் ஒரே ஒருதரம் தலையைத் தூக்கினார். அழகுமலைக்குப் பின்னால் நின்ற பாலகுருவைப் பார்த்தார். எந்த லீவு விண்ணப்பப் பாரமும் ஆபீசுக்குள் வரவில்லை என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். சொல்லப்போகிறார் என்று பாலகுரு அழகுமலையின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். அவர் சொல்லவில்லை. பார்வையைத் தாழ்த்திக்கொண்டு நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டார்.

பாலகுரு வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அழகுமலையின் பின்னாலேயே அறைக்கு வந்து சேர்ந்தான்.

அன்றிலிருந்து தன் இரும்பு அலமாரியைத் திறப்பதை நிறுத்திக்கொண்டான். கதவின் உள்பக்கம் ஊர்க் காளியின் படம் ஒட்டியிருந்தது. ஏழு வருடமாகக் காலையில் டியூட்டிக்குக் கிளம்பும் முன் அவளிடம் ஒரு நிமிடம் நின்று, அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போகிறவன். இப்போது சட்டையெல்லாம் கட்டிலுக்கடியில் பெட்டியில் கிடந்தது. அவள் கண்ணில் படாமல் ஆடை மாற்றிக்கொண்டான்.

பதினாறாம் நாள் புதன்கிழமை சாயங்காலம் பூத்தில் கார்டு போட்டு ஊருக்குப் பேசினான். நாகவள்ளி, கருமாதி நல்லபடியாக முடிந்தது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, அம்மா ஒரு கூத்துப் பண்ணுது. வெள்ளிக்கிழமை காளி கோயில்ல காசு வெட்டிப் போடப் போகுதாம். வருசம் திரும்பாம கோயிலுக்குப் போகக்கூடாதும்மான்னா, நான் என்ன உள்ளயா போறேன், வாசல்லதானே வெட்டுறதுங்குது. எம்புள்ளைய வரவிடாமப் பண்ணினவன் எவனோ, அவன் வீட்டுல இதே மாதிரி எழவு விழணும்னு ஒத்தைக் கால்ல நிக்குது."



காசு வெட்டுவது அந்தப் பக்கத்தில் சாதாரண விஷயமில்லை. அநியாயம் செய்தவனைத் தட்டிக்கேட்க வழியில்லாதவர்கள் கடைசியாகச் செய்வது அது. குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு போய், கோயில் வாசலில் கிடக்கும் இரும்பின் மேல் காசை வைத்து உளியால் இரண்டாக வெட்டிப் போட வேண்டும். பேர் தெரிய வேண்டியதில்லை. செய்தவன் எவனோ, அவனைத் தேடிக்கொண்டு காளி போவாள். அவளுக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டாம். தோஹாவுக்கு வந்து, கேம்ப்பில் விசாரித்து, மானேஜரை விட்டுவிட்டு, எட்டாம் நம்பர் அறையில் கீழ்க் கட்டிலில் படுத்திருப்பவனிடம்தான் வந்து நிற்பாள்.

தனக்கு என்ன ஆகும் என்பதைவிட வேறொன்று அவனை அரித்தது. அவன் வீட்டில் எழவு என்றால், அந்த வீட்டில் மிச்சம் இருப்பது யார்? அம்மா தன் தலையிலேயே உளியை வைத்துக்கொள்ளப் போகிறாள், அதுவும் மகன்மேல் வைத்த பாசத்தால். "வேணாம்னு சொல்லு நாகு" என்றான். "நீயே சொல்லுண்ணே. நான் சொல்லி எடுபடல" என்றாள். அதற்குள் கார்டில் நேரம் முடிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்தச் சோகத்தில் இதையும் அம்மா எப்படித் தாங்குவாள்? அப்படித்தான் அவன் யோசித்தான். அம்மாவைக் காப்பாற்றுவதுபோல் தன்னைத்தான் காப்பாற்றிக்கொள்கிறோம் என்று உள்ளே ஒரு குரல் சொல்லாமலில்லை.

வியாழக்கிழமை டியூட்டி முடிந்ததும் வழக்கம்போல அறையில் பிரார்த்தனை. அலமாரிக்குப் பக்கத்தில் ஊதுபத்தி கொளுத்தி வைத்து நாலு பாட்டுப் பாடுவார்கள், சத்தம் வெளியே போகாமல். அன்றைக்கு அழகுமலை பாட்டை நிறுத்திவிட்டு, "இன்னைக்கு நம்ம பாலகுருவுக்காக வேண்டிக்குவோம்" என்றார். "அப்பன் முகத்தைப் பாக்கவிடாமப் பண்ணினவங்களுக்கு நல்ல புத்தியக் குடு ஆத்தா. எங்க தம்பிக்குத் தெம்பக் குடு." அவருடைய முட்டி மடங்காது. அப்படியும் சுவரைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டார். ஏழு பேரும் கண்ணை மூடிக் கைகூப்பினார்கள். நடுவில் மொட்டைத் தலையோடு நின்ற பாலகுருவுக்கு, யாரோ தன்னை அம்மணமாக நிற்க வைத்தாற்போல இருந்தது.

வெள்ளிக்கிழமை. விடுமுறை நாள், கேம்ப் முழுக்கத் தூக்கம். ஐந்தரை மணிக்கே பாலகுரு எழுந்துவிட்டான். ஊரில் இப்போது எட்டு மணி. உச்சிப் பூசைக்கு முன்னால் வெட்டுவார்கள். பொதுக் குளியலறையில் வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டு, ஈரத்துண்டோடு வந்து அலமாரியைத் திறந்தான்.

அவள் அப்படியேதான் இருந்தாள். இரண்டு வாரமாகக் கதவைச் சாத்தி வைத்தாயே என்று அவள் கேட்கவில்லை. அவனுக்கு என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. மன்னித்துவிடு என்று கேட்கலாம். அது அவள் மன்னிக்க வேண்டிய விஷயமா? அப்பாவுக்கு நற்கதி கொடு என்று கேட்க இவன் யார்? சாபத்தைத் திருப்பிவிடு என்று கேட்டால் அது மறுபடியும் தப்பித்துக்கொள்ளும் வேலை. ஒவ்வொன்றாக வந்தது, ஒவ்வொன்றையும் தானே தள்ளினான். ஏழு வருடமாகக் கேட்டுக் கேட்டே பழகிய வாய்க்கு, கேட்க ஒன்றுமில்லாமல் நிற்கத் தெரியவில்லை.

கடைசியில் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்தான். "நான்தான்."

மெல்லத்தான் சொன்னான். மறுபடி சொன்னான். "நான்தான் ஆத்தா. யாரும் தடுக்கல. நான் கேக்கவே இல்ல. நான்தான்." சொல்லச் சொல்லக் கண்ணில் நீர் வந்தது. இந்தமுறை யாருக்காக என்ற சந்தேகம் வரவில்லை. பேருந்து நிறுத்தத்தில் பெட்டியைத் தூக்கி விட்டுவிட்டு, பஸ் மறையும்வரை துண்டைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நின்ற அப்பாவுக்காகத்தான் வந்தது. பெரிய நிம்மதி ஒன்றும் வந்துவிடவில்லை. வெட்கம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டே நடக்க முடியும் போலிருந்தது.

அலமாரியைச் சாத்தித் திரும்பினால், மேல் கட்டிலில் அழகுமலை உட்கார்ந்திருக்கிறார். எல்லாம் கேட்டுவிட்டது அவருக்கு.

முட்டியைப் பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்புக்கு நகர்ந்தார். பிறகு, "அந்த சித்தீக் பாயை நான் என்னென்ன பேசினேன்" என்றார். "நீ பின்னாலயே நின்னியேடா."

பாலகுரு தலையைக் குனிந்துகொண்டான். "அம்மா இன்னைக்குக் காசு வெட்டப் போவுதுண்ணே. எங்க ஊரு காளிக்கு."

அழகுமலைக்கு விளக்கம் தேவைப்படவில்லை, அவரும் அந்தச் சீமைக்காரர்தான். தலையணைக்கடியில் துழாவித் தன் போன் கார்டை எடுத்து நீட்டினார். "ஓடு. அது கெளம்புறதுக்குள்ள சொல்லு. என்கிட்ட அப்புறம் பேசிக்கலாம்."

முகத்தை மட்டும் அவர் திருப்பிக்கொண்டார்.

பூத்தில் மூன்றாவது முறைதான் லைன் கிடைத்தது. நாகவள்ளி எடுத்து, "அம்மா குளத்துலேருந்து வந்துருச்சு, கெளம்பிக்கிட்டே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். அம்மா வந்தாள். "ஈரச்சேலையோட நிக்கிறேன்யா, சீக்கிரம் சொல்லு" என்றாள்.

"அம்மா, காசு வெட்டாத. யாரும் என்னைத் தடுக்கல. நான் லீவே கேக்கல."

"என்னய்யா சொல்ற?"

"பெரிய வேலை ஒண்ணு தர்றதாச் சொன்னாங்க. ஊருக்கு வந்தா அது போயிரும்னு நான்தாம்மா பேசாம இருந்துட்டேன். பொய் சொன்னேன்."

கார்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா திட்டுவாள், போனை வைத்துவிடுவாள் என்று காத்திருந்தான். ரொம்ப நேரம் கழித்து அவள் கேட்டாள்.

"அந்த வேலையாவது கெடைச்சுச்சாய்யா?"

"இல்லம்மா."

அதற்குத்தான் அம்மா அழுதாள். பாலகுரு பூத்துக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். அவள் திட்டியிருந்தால் பிழைத்துப் போயிருப்பான்.

மூக்கைச் சிந்திவிட்டு அவளே பேசினாள். "உங்கப்பா கடைசி வரைக்கும் வாசலைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அதை நான் இல்லைன்னு சொல்லமாட்டேன். காசை வெட்டல. முந்தானையில முடிஞ்சபடி இருக்கு. ஆனா அவகிட்ட நேந்ததை நான் திருப்பி எடுக்க முடியாது. நீ வந்து, நடந்ததை உன் வாயால அவகிட்ட சொல்லி, முழுக் காசா உன் கையால வாசல் உண்டியல்ல போடு. அதுவரைக்கும் முடிச்சை அவுக்கமாட்டேன்."

"வர்றேம்மா" என்பதற்குள் லைன் போய்விட்டது.

சனிக்கிழமை காலை டியூட்டிக்கு முன்னால் பாலகுரு கேம்ப் ஆபீசுக்குப் போனான். கூப்பிடாமலே அழகுமலையும் வந்தார். சித்தீக் முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள். அழகுமலை, "பாய், நான் அன்னைக்கு..." என்று ஆரம்பித்ததும் அவர் கையமர்த்திவிட்டார். பாலகுரு எல்லாவற்றையும் சொன்னான். சொல்லிவிட்டு, "லீவு பாரம் ஒண்ணு வேணும் பாய்" என்றான்.

சித்தீக் மேசை இழுப்பறையை இழுத்து ஒரு தாளை எடுத்து வைத்தார். அதில் பாலகுருவின் பெயர் இருந்தது, நம்பர் இருந்தது, காரணம் என்ற இடத்தில் தகப்பனார் மரணம் என்று இருந்தது. எல்லாம் சித்தீக் கையெழுத்து. அந்தச் செவ்வாய்க்கிழமையின் தேதி. அவன் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

"போன் வந்த உடனேயே எழுதி வச்சேன். நேரம் மிச்சமாகுமேன்னு" என்றார். "தேதியை மட்டும் அடிச்சு மாத்திக்கங்க தம்பி."

பாலகுரு தேதியை அடித்து மாற்றிக் கையெழுத்துப் போட்டான். பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்துவிட்டது.

மானேஜர் லெபனான்காரர். தாளைப் படித்தார், பேனாவை எடுத்தார், கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். மேசையில் இருந்த டீயில் ஆவி அடங்கவில்லை. அடித்து எழுதியிருந்த தேதியைப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், இதற்கு நீ அன்றைக்கே வந்திருக்கலாமே என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"வந்தேன் சார்" என்றான் பாலகுரு. "கதவு வரைக்கும் வந்தேன்."