தட்டுக்கு அடியில்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முன்னறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் இல்லாதவர்களெல்லாம் இருந்ததாகத் தெருவில் சொல்லிக்கொண்டார்கள். தராசு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் இருந்தார். அவர் மனைவி இருந்தாள். மூத்த மகனும் அவன் மனைவியும் இருந்தார்கள். புகுந்த வீட்டிலிருந்து நாலு நாள் தங்கிப்போக வந்திருந்த மகள் இருந்தாள். உடம்பும் ஒல்லி, பேச்சும் குத்தும் என்பதால் வீட்டில் அவளுக்கு ஊசி என்றே பெயர். இவ்வளவு பேர்தான்.

மருமகள் எடை பார்க்கும் மெஷின்மேல் ஏறி நின்றிருந்தாள். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். முள் சற்றுத் தடுமாறி, போன வாரம் நின்ற இடத்திலேயே போய் நின்றது.

"இறங்கும்மா," என்றார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இறங்கியதற்கே மூச்சு வாங்கியது. பெரியவர் அலமாரியைத் திறந்து தம்முடைய எடைக்கற்களை எடுத்து வந்தார். வேலையிலிருந்து விடைபெற்ற நாளில் ஆபீசில் கொடுத்த இரும்புக் கற்கள். ஒவ்வொன்றிலும் முத்திரை உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக மெஷின்மேல் அடுக்கினார். முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது.

"மெஷின் மேல தப்பில்ல," என்று சொல்லிவிட்டு மனைவியின் பக்கம் கையை நீட்டினார். "ஸ்டோர் ரூம் சாவியைக் குடு. இனிமே என்கிட்ட இருக்கட்டும்."

எதற்கு என்று எல்லோருக்கும் விளங்கியது. மனைவி முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள்.

"அண்ணி காத்தைக் குடிச்சே உடம்பை வச்சிருக்காங்கப்பா," என்றாள் ஊசி. "காத்துக்கும் ஒரு பூட்டு போட்டுடுங்க."

மகன் தன் கால் நகத்தில் ஏதோ எழுதியிருப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மருமகள்தான் நிமிர்ந்து பேசினாள்.

"நான் எதையும் எடுத்துச் சாப்பிடல மாமா."

"நான் சொல்லலையேம்மா. முள்ளு சொல்லுது."

பெரியவர் கொடுமைக்காரர் அல்ல. வேலையில் இருந்த காலமெல்லாம் ஒரு கடையிலும் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர். அவர் வருகிறார் என்றால் கடைவீதியில் தும்முகிறவன்கூட அளந்துதான் தும்முவான் என்பார்கள். தேய்ந்த கல், வளைந்த கோல், காந்தம் ஒட்டிய தட்டு என்று எத்தனையோ திருட்டைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் மிஞ்சியது. மனிதன் பொய் சொல்வான். சோதித்து முத்திரை போட்ட தராசு பொய் சொல்லாது.

மருமகளுக்கு இடது அடிவயிற்றில் வலி வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பக்கத்துத் தெருவில் சிரிப்பு டாக்டர் இருந்தார். எந்த நோயாளியையும் ஒரு ஜோக்காவது சொல்லாமல் அனுப்பமாட்டார் என்பதால் அந்தப் பெயர். பெண்களுக்கு உடம்புக்கு என்ன வந்தாலும் பெரியவர்தான் கூடப் போய் டாக்டரிடம் சொல்வார். அது அந்த வீட்டு வழக்கம். டாக்டரும் அவரைப் பார்த்துத்தான் கேட்பார். எங்கே வலி, எப்போது வலி, பசிக்கிறதா என்பதையெல்லாம் அவர் தமக்குத் தெரிந்த அளவில் சொல்வார். வலி உள்ளவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள்.

முதல் நாளே டாக்டர் அவளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். எழுந்திருக்கவில்லை. "வண்டியில லோடு ஜாஸ்தி சார். லோடை இறக்குங்க, இன்ஜின் தானா ஓடும்," என்றார். அந்த அறைக்குக் கதவில்லை, திரைதான். வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தது உள்ளே கேட்டது. பெரியவருக்குக் காது மடல் சுட்டது. தம் வீட்டில் வாய்க்கு அடக்கம் இல்லை என்று ஒரு படித்த மனிதர் ஊரறியச் சொல்லிவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். திரும்பும் வழியில் எடை மெஷினை வாங்கியது அதனால்தான்.

அதற்குப் பிறகு அவளுக்கு முதுகு வலித்தது. எடை என்றார் டாக்டர். நடந்தால் மூச்சு வாங்கியது, எடை. மாதவிலக்கு தாறுமாறாக வந்தது, எடை. ஒருமுறை காதில் சீழ் வைத்துப் போனபோதும் சொட்டு மருந்து எழுதிவிட்டு, "இதுவும் குறைஞ்சா சரியாயிடும்," என்று சிரித்தார். 'மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு' என்பார்களே, அந்த முடிச்சை அவர் நாள்தோறும் போட்டுக்கொண்டிருந்தார். அதற்கு பெஞ்சில் இருந்தவர்கள் சிரிப்பைக் கூலியாகக் கொடுத்தார்கள். தெருவிலும் அவளுக்குப் பீரோ என்று பெயர் நிலைத்தது.

அவள் பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் துணி வெட்டுபவள். அடுக்கிய துணியின்மேல் சாக்பீஸால் கோடு போட்டு, மெஷின் கத்தியால் ஒரே வெட்டில் நாற்பது சட்டைக்குக் கை வெட்டுவாள். மயிரிழை பிசகாது. ஆனால் இப்போது மேஜை விளிம்பில் வயிறு பட்டால் உள்ளே கல் இடறுவதுபோல் இருந்தது. வீட்டில், தளர்ந்துபோன தன் சட்டைக் கைகளைப் பிடித்துத் தைத்தாள். தோளையும் பிடித்துத் தைத்தாள். பாவாடை நாடா மட்டும் போதவில்லை. இன்னும் ஒரு சாண் சேர்த்துத் தைக்க வேண்டியிருந்தது. இதைப் புருஷனிடம் சொன்னாள். அவன் தன் அப்பாவிடம் சொல்கிறேன் என்றான். சொல்லவில்லை.

சாவி கைமாறியும் முள் நகரவில்லை. பெரியவருக்குத் தூக்கம் கெட்டது. வீட்டில் பூட்டியாகிவிட்டது; அப்படியானால் வெளியே தின்கிறாள். கடைவீதியில் யாராவது பார்த்து, இன்ஸ்பெக்டர் மருமகள் திருட்டுத் தீனி தின்கிறாள் என்று சொன்னால் என்ன ஆவது? கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று தீர்மானித்து, ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் பட்டறைக்குப் போனார். இஸ்திரி போட்ட சட்டையும் கையில் குடையுமாக, எத்தனையோ கடைகளுக்குள் சொல்லாமல் நுழைந்தவர் அங்கும் அப்படியே நுழைந்தார்.

மருமகள் சுவரோரம் துணி மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அவளுடைய சாப்பாட்டு டப்பா, பித்தான் தைக்கும் பெண்ணின் மடியில் இருந்தது. அந்தப் பெண் அவரை யாரென்று தெரியாமல், வெகுளியாகப் பேசினாள்.

"அக்காவைப் பார்க்க வந்தீங்களா பெரியவரே? பாவம், ரெண்டு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது. வயிறு ரொம்பிடுச்சுங்கறாங்க. இந்த டப்பாவுல நாங்கதான் உடம்பு வச்சோம்."

பெரியவர் நின்ற இடத்திலேயே நின்றார். மருமகள் கண்ணைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள், எல்லாம் புரிந்துகொண்டாள்.

"பிடிக்க வந்தீங்களா மாமா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கடைக்குள் தாம்தான் திருடன்போல நின்றுகொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றியது.

அவள் மெல்ல எழுந்து வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள். சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினாள். பிடித்துத் தைத்த பிறகும் அது தொளதொளவென்று தொங்கியது.

"உங்க வேலையில ஒண்ணு கேக்கறேன். தட்டுல சரக்கு குறைஞ்சுக்கிட்டே வருது. ஆனா முள்ளு நகரல. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"தட்டைத் திருப்பிப் பார்ப்பேன்," என்றார் பெரியவர். "அடியில ஈயம் ஒட்டியிருப்பான்."

சொன்ன பிறகுதான் அவருக்குத் தாம் சொன்னது கேட்டது.

"ஒரு கடைத் தராசுக்குக் கிடைக்கிற மரியாதைகூட எனக்குக் கிடைக்கல மாமா," என்றாள் அவள்.

அன்று மாலையே டாக்டரிடம் போனார்கள். பெஞ்சு நிறைய ஆட்கள். திரையை விலக்கி உள்ளே போனதும் டாக்டர் வழக்கம்போலப் பெரியவரைப் பார்த்துச் சிரித்தார். "என்ன சார், லோடு இறங்குச்சா?"

பெரியவர் வழக்கம்போலப் பேச வாயெடுத்தார். மருமகள் அவர் கையை லேசாகத் தொட்டாள். அவர் நிறுத்திக்கொண்டார். அந்த வீட்டு வழக்கம் அந்த இடத்தில், ஒரு சத்தமும் இல்லாமல் முடிந்தது.

"கை இளைச்சிருக்கு, முகம் இளைச்சிருக்கு. வயிறு மட்டும் வளருது டாக்டர். உள்ள கல்லு மாதிரி இருக்கு. தொட்டுப் பாருங்க."

"அது கொழுப்பும்மா. எல்லாருக்கும் வயித்துலதான் கடைசியா கரையும்."

அறையின் மூலையில் நோயாளியைப் படுக்க வைக்கும் கட்டில் ஒன்று இருந்தது. மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த அட்டைப்பெட்டிகள் அதன்மேல் கூரைக்கு ஏறிக்கொண்டிருந்தன. அவள் எழுந்து போய், ஒவ்வொரு பெட்டியாக எடுத்துத் தரையில் வைத்தாள். மூச்சு வாங்க வாங்க வைத்தாள். டாக்டருக்கு முதலில் விளங்கவில்லை; பிறகு முகம் மாறியது.

"அம்மா, அது பழைய கட்டில். உங்களைத் தாங்காது."

வெளியே யாரோ சிரித்தார்கள். பெரியவர் போய் அவளோடு சேர்ந்து கடைசிப் பெட்டியை இறக்கினார். அவள் கட்டிலில் ஏறிப் படுத்தாள். கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டுவிட்டுத் தாங்கிக்கொண்டது.

"தொட்டுப் பார்த்துட்டு, அப்புறமா கொழுப்புன்னு சொல்லுங்க. எழுந்து போயிடறேன். அதுவரைக்கும் எழுந்திருக்கமாட்டேன்."

டாக்டர் பெரியவரைப் பார்த்தார். "சார், நீங்களாவது சொல்லுங்க."

"நோய் அவளுது டாக்டர்," என்றார் பெரியவர். "நான் சொல்ல ஒண்ணும் இல்ல."

டாக்டர் எழுந்து வந்தார். கையை வைத்தார். இடப்பக்கம் அழுத்தினார், மறுபடி அழுத்தினார், பிறகு வலப்பக்கமும் வந்து அழுத்தினார். சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நாற்காலிக்குத் திரும்பி, தலையைத் தூக்காமல் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். அவசரம் என்று அடிக்கோடும் போட்டார்.

சினைப்பையில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். பக்கத்திலும் கொஞ்சம் பரவியிருந்தது. முடிந்தவரை எடுத்தாகிவிட்டது, மீதியை மருந்து ஏற்றித்தான் பார்க்க வேண்டும் என்றாள் அறுவை செய்த பெண் டாக்டர். பிறகு, குற்றம் சொல்லும் குரலில் இல்லாமல் வருத்தமாகத்தான், இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று கேட்டாள். மகன் சுவரைப் பார்த்தான்.

"வந்துக்கிட்டேதான் இருந்தோம் டாக்டர்," என்றாள் கட்டிலில் கிடந்தவள். "பார்க்கத்தான் ஆள் இல்ல."

வீட்டுக்கு வந்த அன்று பெரியவர் ஸ்டோர் ரூம் சாவியை அவள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவர் பரம்பரையில் இல்லை. சாவியை வைத்துவிட்டு நின்றார். அவள் அதைத் தொடவில்லை. "சாவி எனக்கு எதுக்கு மாமா? பூட்டைக் கழட்டிடுங்க," என்றாள். கழற்றினார். கதவில் பூட்டு இருந்த இடத்தில் ஓட்டை நின்றது. அதை அடைக்க ஆசாரியைக் கூப்பிடலாம் என்றாள் மனைவி. இருக்கட்டும் என்றார்.

மருந்து ஏற ஏற அவள் பாதியானாள். தலைமுடி போயிற்று, தலையில் துணி கட்டிக்கொண்டு வாசலில் உட்காருவாள். தெருப் பெண்கள் வந்தார்கள். "இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கே," என்று ஒருத்தி மனமாரப் பாராட்டினாள். என்ன செய்து இளைத்தாள் என்று இன்னொருத்தி ரகசியமாகக் கேட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அடுத்த முறை வந்தபோது ஊசிதான் அந்தச் செய்தியைக் கொண்டு வந்தாள். இந்தத் தடவை அவள் பேச்சில் முனை இல்லை. சிரிப்பு டாக்டர் தம்மிடம் வரும் பெண்களிடமெல்லாம், இன்ஸ்பெக்டர் மருமகளைப் பாருங்கள், நான் சொன்னதைக் கேட்டு எப்படி இளைத்துவிட்டாள் என்று சொல்கிறாராம். வாயைக் கட்டினாள், வியாதி போயிற்று என்று தெருவே பேசுகிறதாம்.

பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டார். வாசலில் மருமகளுக்கு முன்னால் நின்றார்.

"நான் போய்ச் சொல்லட்டுமாம்மா?"

இப்படி ஒரு கேள்வியை அவர் அந்த வீட்டில் யாரிடமும் கேட்டதில்லை.

"சொல்லுங்க. கூட்டியும் சொல்லாதீங்க, குறைச்சும் சொல்லாதீங்க."

அன்றும் பெஞ்சு நிறைய ஆட்கள். ஓரத்தில் பருத்த பெண் ஒருத்தி, பக்கத்தில் இருப்பவருக்கு இடைஞ்சலாகிவிடுமோ என்று பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரின் குரல் யாரிடமோ லோடைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. பெரியவர் உள்ளே போகவில்லை. முதுகை நிமிர்த்தி பெஞ்சுக்கு முன்னால் நின்றார். எல்லோரும் அவரை அறிவார்கள், பேச்சு அடங்கியது. திரைக்கு உள்ளேயும் அடங்கியது.

"என் மருமக யார் பேச்சையும் கேட்டு இளைக்கல," என்றார். "வயித்துல கட்டி இருந்துச்சு. ஒரு வருஷத்துக்கு மேல வந்துக்கிட்டே இருந்தா. அவளா கட்டில்ல ஏறிப் படுக்கற வரைக்கும் இங்க யாரும் தொட்டுப் பார்க்கல. நானும் பார்க்கச் சொல்லல."