க்ளிக்குக்கு அப்புறம் ஓர் இழுப்பு

நரை வந்த பிறகு எழுத்துக் கற்றவன் அடக்கமாக இருக்க மாட்டான். நான் இருக்கவில்லை. மாலை வகுப்பில் தமிழை முடித்து இங்கிலீஷுக்குத் தாவியதும், கண்ணில் பட்ட பலகையை எல்லாம் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டே நடப்பேன். பம்பு கம்பெனியில் எனக்குப் 'புலவர்' என்று பேர் விழுந்தது அப்படித்தான். மூட்டை தூக்கும் புலவர்.

இடுப்பு விட்டுப்போயிருந்தது. குனிந்தால் நிமிர்த்திவிட ஆள் வேண்டும். பார்த்துச் சலித்த ஃபோர்மேன், "வெள்ளிக்கிழமை போல்ட் முறுக்க வச்சுப் பாக்கிறேன். தேறினா உக்காந்த வேலை. இல்லேன்னா மூட்டைதான்" என்றார்.

போல்ட் முறுக்க க்ளிக் ஸ்பேனர் என்று ஒன்று உண்டு. வேண்டிய இறுக்கம் வந்ததும் அதுவே உள்ளுக்குள் சத்தம் போடும். அத்தோடு கையை எடுத்துவிட வேண்டும். வேறு ஆளாக இருந்தால் பழைய போல்ட் நாலில் முறுக்கிப் பழகியிருப்பான். நான் அகராதியைப் பிரித்தேன்.

"ஏங்க, பரீட்சை கைக்கா, வாய்க்கா?" என்றாள் மனைவி. அவளும் அதே வகுப்புதான். என்னைவிட ரெண்டு பாடம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"வேர் தெரியாம வேலை செய்யலாமா? கேளு. க்ளிக்குன்னு ஒரு சத்தம் வந்திருக்கு. கேட்டவன் யோசிக்கச் சோம்பல்பட்டு அதையே பேரா வச்சுட்டான். அப்புறம் தாழ்ப்பாளுக்கு ஆச்சு, கேமராவுக்கு ஆச்சு, கம்ப்யூட்டர்ல பொத்தானை அமுக்குறதுக்கு ஆச்சு. ரெண்டு பேருக்கு மனசு ஒத்துப்போனாக்கூட க்ளிக்தானாம்."

"அப்ப நமக்கு?"

"நம்மளைப் பத்தி ஒண்ணும் போடலை."

"போட்டிருப்பாங்க. டமால்னு எங்கேயாவது இருக்கும், தேடுங்க."

வெள்ளிக்கிழமை என் முன்னால் ஒரு பம்பு மூடி, அதில் ஆறு போல்ட். ஃபோர்மேன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஸ்பேனரை மாட்டும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

"சார், இந்தச் சொல்லு எப்படிப் பொறந்துச்சுன்னா..."

"முறுக்குய்யா."

முறுக்கினேன். க்ளிக். சுத்தமாகக் கேட்டது. கேட்டதும் என் கை இன்னொரு இழுப்பு இழுத்தது.

லாரியில் கயிறு கட்டியே காய்த்த கை அது. லோடு இறுகிவிட்டது என்று தெரிந்த பிறகும் ஓர் இழுப்பு சேர்த்து இழுத்துவிட்டுத்தான் முடிச்சுப் போடும். மூட்டைக்காரர்கள் எல்லாருக்கும் இந்த வழக்கம் உண்டு. கயிறு பொறுத்துக்கொள்ளும். போல்ட் பொறுக்கவில்லை. அதன் தலை மட்டும் முறிந்து என் மடியில் விழுந்தது.

"சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சார்."

"அப்புறம் எதுக்கு இழுத்தே?"

"லோடு கட்டுற பழக்கம் சார். ஒண்ணு சேத்து இழுத்தாத்தான் மனசு ஆறும்."

"க்ளிக்குன்னா என்ன அர்த்தம்?"

அகராதி மொத்தமும் நாக்கு நுனியில் நின்றது. தாழ்ப்பாள், கேமரா, பொத்தான், மனசு. இடுப்பு ஒரு தடவை சுளுக்கியது. மூட்டைகள் அடுக்கியிருந்த பக்கம் கண் போனது.

"போதும்னு அர்த்தம் சார்."

அவர் உடைந்த தலையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "மிச்சம் அஞ்சு இருக்கு. வாயைத் திறக்காம முறுக்கு."

முறுக்கினேன். கையை நம்ப முடியாததால், க்ளிக் கேட்ட நொடியே ஸ்பேனரை விட்டுவிட்டு ரெண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் அப்படித்தான். பக்கத்து மேசைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"புலவர் சரணடையுறாருடா" என்றான் ஒருத்தன்.

ஐந்தும் உடையாமல் நின்றன. ஃபோர்மேன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "திங்கக்கிழமையிலேருந்து இங்கேயே உக்காரு. கையைத் தூக்கித் தூக்கியே முறுக்கு, பரவாயில்லை" என்றார்.

வீட்டுக்கு வந்து செய்தியைச் சொல்லிக்கொண்டே முகம் கழுவிக் குழாயை மூடினேன். குழாய் எந்தச் சத்தமும் போடவில்லை. எனவே ஓர் இழுப்பு சேர்த்து மூடினேன். பிடி கையோடு வந்தது. பின்னாலேயே தண்ணீரும் வந்தது.

மனைவி ஒரு பழந்துணியை உருட்டி ஓட்டையில் அடைத்து, என் கையை இழுத்து அதன் மேல் வைத்தாள்.

"உக்காந்த வேலை கிடைச்சிருக்குன்னீங்களே. பிளம்பர் வர்ற வரைக்கும் உக்காந்து இதைப் பிடிங்க."