வசம்பு வைத்த இடம்

"இதுல எதுய்யா வசம்பு?" என்றார் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். நான் பிடுங்கிக் கொடுத்ததைப் பண்ணையின் காரியக்காரர் வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"கோரை சார். மாடுகூட மொகராது. இத வச்சு இங்க இவன் குடிசை இருந்துச்சுன்னு நம்பணுமாம்."

சிரிக்கட்டும். குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்த மறுமாசமே ஆள் விட்டு என் குடிசையைப் பிரித்து, அந்த இடத்தை ஏர் ஓட்டித் தரிசாகப் போட்டவர் அவர்தான். எனக்குச் சாட்சி சொல்ல ஒருத்தனும் வரவில்லை. அவனவனுக்குப் பண்ணையில் வேலை வேண்டும். நான் யாரையும் குறை சொல்வதில்லை, யாரையும் நம்புவதுமில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கத்து இளையபெருமாளைக்கூட முக்கால்வாசிதான் நம்புவேன். அவன்தான் இன்ஸ்பெக்டரிடம் வசம்பைப் பற்றிச் சொன்னவன். மேட்டில் அது தானாக முளைக்காது, யாராவது வைத்துத் தண்ணீர் விட்டிருந்தால்தான் உண்டு, ஏர் வெட்டிப்போட்ட துண்டும் மழைக்குத் தழைக்கும் என்றான். இன்ஸ்பெக்டர் வெள்ளிக்கிழமைவரை தவணை கொடுத்தார்.

"கிள்ளி மோந்தா தெரியாதாண்ணே?" என்றான் இளையபெருமாள் என்னிடம்.

"பொடி போட்டுப் போட்டு மூக்கு செத்துப்போச்சு."

"அப்ப அண்ணியக் கூட்டியாங்க. வீடு எந்த மட்டுல இருந்துச்சுன்னும் அவங்கதான் சொல்லுவாங்க."

என் பெண்டாட்டி அம்சம் ஒரத்தநாட்டில் அவள் தம்பி வீட்டில் இருந்தாள். குடிசையைப் பிரித்த அன்று, "நமக்குன்னு ஒரு எடம் வந்தா சொல்லியனுப்பு" என்று போனவள். ஒன்றரை வருஷமாகிறது. வாய்க்கால் மேட்டில் கீற்றுச் சாய்ப்புப் போட்டுக்கொண்டு கிடக்கிறேன். உலை வைத்தால் இரண்டு பேருக்குத்தான் கை அளக்கிறது. பஸ் நிற்கும்போதெல்லாம் இறங்குகிறவர்களின் காலைப் பார்ப்பேன். அவளுக்கு இடது பாதம் கொஞ்சம் அகன்று விழும்.

எங்களுக்குப் பிள்ளை பிறந்தபோது குளிக்கிற தண்ணீர் ஓடுகிற பக்கமாக வசம்புக் கிழங்கைக் கணுக்கணுவாக ஒடித்து வைத்தாள். விளக்கில் சுட்டு உரைத்துப் பிள்ளையின் நாக்கில் தடவுவாள். பிள்ளை பதினொரு மாசம்தான் இருந்தது. அப்புறம் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தாள். நானோ களை என்று நினைத்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது அறுத்துப்போட்டு ஏச்சு வாங்குவேன்.

ஒரத்தநாட்டில் என்னைக் கண்டதும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எடம் வந்துடுச்சா?"

"நீ வந்தாத்தான் வரும்."

சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"அறுத்து அறுத்துப் போட்டியே, இப்ப அதுதான் ஒனக்குச் சாட்சி சொல்லணுமா?"

அவள் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை வெயில் ஏறியிருந்தது. இன்ஸ்பெக்டர் குடைக்குள் நின்றார். அம்சம் தரிசில் குந்தி, ஒவ்வொரு தாளாக விரலில் உருவிக்கொண்டே நகர்ந்தாள். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. ஓரிடத்தில் நின்று ஒரு தாளைக் கிள்ளிக் கசக்கி, இன்ஸ்பெக்டரிடம் போய் உள்ளங்கையை நீட்டினாள்.

"பாருங்க, நரம்பு நடுவுல ஓடாம ஒரு பக்கமா ஒதுங்கிப் போவுது. கோரைக்கு இப்படி இருக்காது. மோந்து பாருங்க."

அவர் மோந்தார். மறுபடியும் மோந்தார்.

"நேத்து கொண்டாந்து நட்டிருப்பா" என்றார் காரியக்காரர்.

அம்சம் திரும்பிப் போய்க் கையாலேயே மண்ணைப் பறித்துக் கிழங்கை வெளியே இழுத்தாள். கட்டைவிரல் கனம், கணுவுக்குக் கணு வேர். ஏர்க்கொழு பட்ட வெட்டு ஆறிக் கறுத்து, அதன் பக்கத்திலேயே புதுக் குருத்து விட்டிருந்தது.

"நேத்து நட்டதுக்கு இத்தினி கணு வருமா? சொல்லுங்க, விவசாயந்தான பண்றீங்க?"

இளையபெருமாள் சிரிப்பை அடக்கிக்கொண்டான். காரியக்காரர் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வசம்பு சரிம்மா. வீடு எங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் அந்த வசம்புக் குத்திலிருந்து கிழக்கே எட்டி எட்டி நடந்தாள். "இது பின்சுவரு. இங்க அடுப்பு. இங்கதான் தூளி கட்டியிருந்தோம்." அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தாள், மிதிக்கவில்லை. முன்பக்கம் வந்து என்னைப் பார்த்தாள்.

"ஏன்யா, வாசல அடைச்சுக்கிட்டு நிக்கிற? தள்ளு."

நகர்ந்தேன். தாழ்ந்த கூரைக்கடியில் நுழைகிறவள் மாதிரி இடுப்பு வரை குனிந்து, கால் தூக்கி வைத்து உள்ளே போனாள். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார், எழுதவில்லை. வெறும் வெயிலில், முழங்கால் உயரப் புல்லுக்கு நடுவே நிமிர்ந்து நின்றவள், நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்தாள்.