ஃப்யூஸ் கட்டை

அந்தத் தெருவில் ஒரு மிஷின் படுத்துவிட்டால் அது ஒரு ஆளுடைய தலைவலி இல்லை, தெருவுடைய தலைவலி. பிளாஸ்டிக் மூடி செய்யும் பட்டறைகள் வரிசையாக இருந்தன. போட்டி என்றால் போட்டிதான், ஆர்டருக்காக அடித்துக்கொள்வார்கள். ஆனால் ஒருவருடைய மிஷின் நின்றுபோனால், அவர் மூடி வார்க்கும் தன் அச்சைத் தள்ளுவண்டியில் வைத்துப் பக்கத்துப் பட்டறைக்குக் கொண்டுபோவார். அங்கே ஓடுகிற வேலையை இறக்கிவிட்டு இதை ஏற்றிக் கொடுப்பார்கள். ஏன், எதற்கு என்ற பேச்சே கிடையாது.

அந்த வரிசையில் ஒரு பட்டறை கண்ணாடிக்காரருடையது. இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். போன மழையில் அவர் மிஷினுக்குள் தண்ணீர் புகுந்தபோது, அவருடைய அச்சு பக்கத்து மீசைக்காரர் பட்டறையில்தான் ஓடியது. தெரிந்தேதான் அந்தக் காரியத்தைச் செய்தார், மகானுபாவர்.

எல்லாம் மூடி வாங்கும் மருந்துக் கம்பெனிக்காரர் போட்ட தூண்டில். காலையில் போனில் சொன்னார்: "மீசைக்காரர் இந்தத் தடவை லேட் பண்ணா, மூடி ஆர்டர் மொத்தமும் உங்களுக்குத்தான் சார்." போனை வைத்த கொஞ்ச நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் மீசைக்காரரின் மிஷின் சத்தம் நின்றது. ஆயில் பம்ப் போய்விட்டது என்று யாரோ கத்தினார்கள். தள்ளுவண்டி கிரீச்சிட்டது. கண்ணாடிக்காரர் தன் மிஷினின் மின்பெட்டியைத் திறந்தார். ஹீட்டருக்குப் போகும் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி, அவசர அவசரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மேஜையில் மூடிகளின் பிசிறை வெட்டிக்கொண்டிருந்த மனைவி பார்த்துவிட்டாள்.

"என்ன பண்றீங்க?"

"நீ உன் வேலையப் பாரு."

"அவரு நமக்கு ஓட்டிக் குடுத்தவருங்க. வெக்கமா இல்ல?"

பதில் சொல்வதற்குள் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது.

"பங்காளி, என் பம்ப் போச்சு. நாளைக்குச் சரக்கு போயாகணும். உன் மிஷின கொஞ்சம் ஒதுக்கிக் குடு," என்றார் மீசைக்காரர்.

"எங்க ஒதுக்கறது? என்னோடதும் படுத்துருச்சே. சூடே ஏறல," என்றார் கண்ணாடிக்காரர், கொஞ்சமும் கூசாமல்.

மீசைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு திரும்பிப் போயிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவரோ வண்டியை அப்படியே விட்டார். "அடப்பாவி, உனக்குமா? சொல்ல வேணாமா?" என்றவர், தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "யப்பா, எல்லாரும் வாங்க! நம்ம கண்ணாடி மிஷினும் நின்னுபோச்சு!"

கண்ணாடிக்காரருக்குத் திக்கென்றது. மிஷின் நின்றால் அச்சு அடுத்த பட்டறைக்குப் போகும் என்பது நினைவிருந்தது. ஆட்கள் வருவார்கள் என்பதை மறந்தே போயிருந்தார்.

லேத்துக்காரர் டூல் பெட்டியோடு வந்தார். எதிர்ப் பட்டறை அண்ணன் தம்பி இருவரும் ஓடுகிற வேலையை நிறுத்திவிட்டு வந்தார்கள். மூன்று பேரும் குனிந்து ஹீட்டரைத் தட்டுவதும் ஒயரை இழுப்பதுமாக இருந்தார்கள். "கவலைப்படாதீங்கண்ணே, பாத்துக்கலாம்" என்று ஆளாளுக்கு ஆறுதல் வேறு. கண்ணாடிக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

மின்பெட்டியைத் திறந்தவர் மீசைக்காரர். கட்டை இருக்க வேண்டிய இடம் காலி. திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்காரரின் சட்டைப்பைக்கு மேலே வெள்ளைப் பீங்கான் கட்டை பாதி தெரிந்தது.

"ஒண்ணுமில்லப்பா, ஒயர் லூசு. நான் பாத்துக்கறேன், நீங்க வெளிய காத்தாட நில்லுங்க," என்று எல்லாரையும் அனுப்பினார். பிறகு உள்ளங்கையை நீட்டினார். கண்ணாடிக்காரர் கட்டையை எடுத்து அதில் வைத்தார். திட்டியிருக்கலாம், சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். மனுஷன் ஒன்றும் செய்யவில்லை. கட்டையைச் செருகினார், ஹீட்டர் ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இங்கயே ஏத்து, பங்காளி," என்றார் கண்ணாடிக்காரர்.

"வேணாம்ப்பா. நடுவுல நின்னுபோற மிஷின் எனக்கு ஆகாது." மெதுவாகத்தான் சொன்னார். வெளியே நின்றவர்களிடம், "இது இப்போதைக்கு ஓடாது, தெருக்கோடிக்குப் போலாம்," என்று மட்டும் சொல்லி வண்டியைப் பிடித்தார்.

தெருக்கோடிப் பட்டறைக்குப் போகும் வழி மேடு. எல்லாரும் சேர்ந்து வண்டியைத் தள்ளினார்கள். சும்மா நிற்க முடியாமல் கண்ணாடிக்காரரும் ஓடிப்போய்க் கைகொடுத்தார். லேத்துக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா?

"பாருங்கய்யா, தன் மிஷின் படுத்தும் அடுத்தவருக்குத் தள்ள வந்திருக்காரு. மனுஷன்னா இப்படி இருக்கணும்!"

மீசைக்காரர் முன்னால் பார்த்தபடி தள்ளிக்கொண்டிருந்தார்.

"படுக்கல," என்றார் கண்ணாடிக்காரர். "மிஷின் படுக்கல. நான்தான் ஃப்யூஸப் புடுங்குனேன். அவரு ஆர்டர் எனக்கு வரணும்னு."

வண்டி நின்றது. லேத்துக்காரர் கையை எடுத்துவிட்டார். எதிர்ப் பட்டறைத் தம்பி தரையில் துப்பினான். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று கண்ணாடிக்காரர் தலைகுனிந்து நின்றார்.

கடைசியில் மீசைக்காரர்தான் பேசினார். "மிஷின் நல்லாத்தான் இருக்குன்னா, எதுக்குய்யா மேட்டுல மூச்சு வாங்கறீங்க? திருப்புங்க வண்டிய."

"இவன்கிட்டயா?" என்றார் லேத்துக்காரர்.

"இவன்கிட்டதான். இந்நேரம் சூடு ஏறியிருக்கும்."

வண்டி இறக்கத்தில் திரும்பியது. கண்ணாடிக்காரர் எல்லாருக்கும் பின்னால் நடந்தார். வாசலில் மனைவி ஸ்பேனரோடு நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமலே அதை வாங்கிக்கொண்டு, தன் அச்சைக் கழற்றக் குனிந்தார். அவசரத்தில் ஸ்பேனர் நட்டில் பிடிக்காமல் நழுவிக்கொண்டே இருந்தது.

பக்கத்தில் டார்ச் பிடித்திருந்த மீசைக்காரர், "அவசரமில்ல, பங்காளி," என்றார்.

அந்தப் 'பங்காளி'யைத்தான் கண்ணாடிக்காரரால் தாங்க முடியவில்லை.