தங்கம் பற்றி ஒரு பக்கம்

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சிறுவர் இதழ் ஒன்றுக்குத் தங்கத்தைப் பற்றி ஒரு பக்கம் கேட்டிருந்தார்கள். 'தங்கம் துருப்பிடிக்காது. பாறை இடுக்கிலும் ஆற்று மணலிலும் கிடைக்கும். காகிதத்தைவிட மெல்லிய தகடாகத் தட்டலாம். கைப்பேசிக்குள்ளும் துளி உண்டு. தங்கம் யாரையும்—'

அதற்கு மேல் ஓடவில்லை. அக்காவிடம் போனேன். அவள் தங்கத்தின் தரம் பார்க்கும் மெஷினில் வேலை செய்கிறாள். அவள் சொன்னதைக் கேட்டதும் கட்டுரை காணாமல் போனது.

2

ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். (மனைவிக்கு நீலச் சேலை கொடுத்திருந்தேன். "நான் எங்கே சேலையைப் பாத்தேன்?" என்றாள் அக்கா. அந்த வரியை அடித்துவிட்டேன்.) மனைவிக்கு அவளுடைய அம்மா போட்ட சங்கிலி. அதை உருக்கி வளையலாக்கச் சொல்லி மாமியார் பிடிவாதமாக அனுப்பியிருக்கிறார். அக்கா ஓரத்தை லேசாக உரசி மெஷினுக்குள் வைத்தாள். திரையில் செம்பு. மேலே மட்டும் தங்க முலாம்.

நிமிர்ந்தாள். மனைவிக்குப் பின்னால் நின்ற கணவன், வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினான். கண் கலங்கியிருந்தது.

"மெஷின் மக்கர் பண்ணுதும்மா. நாளைக்கு வாங்க."

பத்து வருஷத்தில் அவள் சொன்ன முதல் பொய். [இது நான் சேர்த்தது.] அன்று முழுக்க அவனைத் திட்டித் தீர்த்தாள். பெண்டாட்டி நகையைச் சுட்ட பயல்!

3

மறுநாள் மனைவி மட்டும் வந்தாள்.

"நேத்து மெஷின் நல்லாத்தானே இருந்துச்சு? நீங்க சொல்லாம விட்டது பெரிய உதவிம்மா. நான்தான் மாத்தி வச்சேன். தம்பி ஆஸ்பத்திரியில கெடந்தப்போ அசலை வித்துட்டேன். தெரிஞ்சா அவர் தாங்கமாட்டார்."

அக்காவுக்குத் தலை சுற்றியது. அப்படியானால் அவன் ஏன் தலையாட்டினான்? இவள் மாற்றியது தெரிந்து, இவளைக் காப்பாற்றவா? இல்லை, இவள் வைத்த போலியை அசல் என்று நம்பி அவனும் ஒரு போலியை மாற்றி வைத்தானா?

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுல்ல?" என்று கேட்டாள் அவள்.

(* தங்கத்தைக் கரைக்க இரண்டு அமிலங்கள் சேர வேண்டும், ஒன்று மட்டும் போதாது. கட்டுரைக்காகக் குறித்தது. எங்கே போடுவதென்று விளங்காமல் இங்கே கிடக்கிறது.)

4

முடிவு ஒன்று: கணவன் தலையாட்டியதை அக்கா சொல்லிவிட, மனைவி நேராக வீட்டுக்குப் போய்— (சினிமா மாதிரி இருந்தது.) முடிவு இரண்டு: அந்த நேரம் பார்த்துக் கணவன் உள்ளே நுழை—

"நிஜமா என்னதான் சொன்னே?" என்று அக்காவையே கேட்டேன்.

"_____ தெரியாதுன்னேன்."

"யாருக்கு?"

"அதை நான் சொல்லல. அவங்களும் கேக்கல. கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிட்டாங்க."

அந்தத் 'தெரியாது'வுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். யாருக்கு என்று எழுதிக்கொள்வது உங்கள் பாடு. எழுதினால் அக்காவுக்கும் சொல்லியனுப்புங்கள். யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும், அவள் இப்போதெல்லாம் முதலில் பின்னால் நிற்பவரின் முகத்தைத்தான் பார்க்கிறாள்.